எதுக்கும் இன்னொரு கலர்

அக்காவோடு கடைக்குப் போவதென்றால் நான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாது. வாங்கப் போவது என்னவோ விரல் நீள பாட்டிலில் வரும் கலர் தூள். சிங்கப்பூரின் ஜாலான் புசார் ரோட்டில், பெயின்ட்டும் பசையும் விற்கும் ஒரு கடையின் பின்பக்க அலமாரியில் அந்த பாட்டில்கள் வரிசையாக நிற்கும். அக்கா ஒவ்வொன்றையும் எடுத்துக் குலுக்குவார். மூடியைத் திறந்து, சுண்டுவிரலால் தொட்டு, புறங்கையில் தீற்றிப் பார்ப்பார். புறங்கை நிறைந்ததும் மணிக்கட்டு, மணிக்கட்டும் போதாமல் போனால் என் கை.

"இந்த நீலம் நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு அக்கா. எடுத்துக்குங்க."

"எதுக்கும் இன்னொரு கலர் பாத்துடலாம்."

கடைக்காரச் சீன ஆன்ட்டி முதலில் சிரிப்பார், பிறகு கைகளைக் கட்டிக்கொள்வார். கடைசியில், "மேடம், வான்ட் ஆர் நாட்?" என்று சத்தமாகவே கேட்டுவிடுவார். அக்காவுக்கு அது உறைத்ததே இல்லை. "வான்ட், வான்ட்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பாட்டிலைத் திறப்பார். பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் இருவர் கையும் கோலப்பொடி டப்பாவுக்குள் விட்டு எடுத்தது போலிருக்கும்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. சிராங்கூனில் எங்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே குடியிருந்தார். இப்போது மகளோடு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டார். என் அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்து நான் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம், சமூக மன்றத்தில் ரெசின் வகுப்பு ஒன்று நடந்தது. போய்ப் பார்த்தால் பக்கத்து நாற்காலியில் அக்கா. வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே தொழில் தொடங்கினோம். பெயர்ப் பலகை, குங்குமத் தட்டு, கோப்பை வைக்கும் வில்லை, சாவிக்கொத்து என்று செய்தோம். தீபாவளிச் சந்தையில் ஒரு மூலையும் கிடைத்தது. ஊற்றுவது, தேய்ப்பது, மெருகேற்றுவது என் வேலை. கலர் அக்காவின் வேலை. அப்படிப் பிரித்துக்கொண்டது நான் செய்த முட்டாள்தனம்.

ரெசின் தேன் பதத்தில் இருக்கும். கலர் தூளை அதில் கலந்துவிட்டு, ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தைச் சேர்த்து அச்சில் ஊற்றினால், மறுநாள் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஹார்ட்னர் சேர்க்கும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். சேர்த்த பிறகு யோசிக்க நேரமில்லை. அக்காவுக்கு முதல் பாதி மட்டும்தான் பிடிக்கும். என் சாப்பாட்டு மேசை முழுக்கக் கப்புகள் நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை. ஒரு சிட்டிகை குறைந்தால் சோகையாக இருக்கிறது என்பார். ஒரு சிட்டிகை கூடினால் பெயின்ட் மாதிரி ஆகிவிட்டது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்பார். மின்னும் தூள் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்று மின்னாத தூளைத் தேடுவார். அது கிடைத்ததும், மின்னினால்தான் நன்றாக இருந்திருக்கும் என்பார்.

ஒரு தடவை நான் ஹார்ட்னர் சேர்த்த கப்பையே கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துடுறேன்" என்று வெளியே தாழ்வாரத்துக்குப் போனார். அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார ஆன்ட்டியிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார். மக்சிக் மூக்குக்கண்ணாடி எடுத்துவர உள்ளே போனார். நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கலந்த ரெசினைக் கப்பிலேயே விட்டுவைத்தால் தானாகச் சூடேறும். வெளியே வந்து பார்த்தால் கப்பிலிருந்து புகை வருகிறது, பிளாஸ்டிக் வளைந்து தொங்குகிறது. அக்கா அதைத் தரையில் வைத்துவிட்டு விரலை ஊதியபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை சுட்டுடுச்சா அக்கா?"

"கை கெடக்குதுலா. இந்தப் பச்சை இப்படிக் கருத்துப்போச்சே!"

விட்டுவிட்டு நான் மட்டும் தனியாகச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்து பார்த்தேன். நான் கலந்த நிறங்கள் எல்லாம் இருமல் மருந்து மாதிரி இருந்தன. அக்கா தேர்ந்தெடுத்த நிறம் வெளியே வந்தால், சந்தையில் தாண்டிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து கையில் எடுத்துப் பார்த்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவருக்கு வராத கலையாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ரெசினில் மட்டும்தான் அப்படி என்றில்லை. அவர் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் பெயின்ட் சாம்பிள்கள். கிரீம், இளம்பச்சை, சாம்பல், மீண்டும் கிரீம் என்று சதுரம் சதுரமாக அடித்துப் பார்த்து, அப்படியே பல வருஷம் விட்டிருந்தார். அக்காவின் கணவர் அதிகம் பேசாதவர். நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, "நான் இதான் டிசைன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். மகள் கல்யாணத்துக்குத் தேக்கா கடைத்தெருவில் எடுத்த பட்டுப்புடவையைத் திரும்பத் திரும்ப மாற்றியதில், கடைக்காரர் அக்கா வருவதைப் பார்த்தாலே உள்ளறைக்குப் போய்விடுவார். மகள் புத்திசாலி. மாப்பிள்ளையை அவளே பார்த்து, நாளையும் அவளே குறித்து, பதிவு செய்துவிட்டுத்தான் சொன்னாள். "அம்மாகிட்ட கேட்டிருந்தா எனக்குப் பேரப்புள்ள எடுக்குற வயசாயிருக்கும் ஆன்ட்டி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அக்காவும் பக்கத்தில் இருந்து சிரித்தார், கோபமே படவில்லை. அவரோடு சண்டை போட முடியாது. அதுவும் ஒரு கஷ்டம்.

ஒரு தடவை போட்டேன். அதற்குக் காரணம் ஒரு பெரியவர்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சந்தையில் எங்கள் பொருள்களைப் பார்த்துவிட்டு விலாசம் கேட்டு வீட்டுக்கே வந்தார். உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கண்ணாடி வளையல்கள். பச்சையும் அரக்குமாக, தங்கப் புள்ளி வைத்தவை.

"என் வீட்டுக்காரியோடது" என்றார். "ஞாபக மறதி. நர்சிங் ஹோம்ல இருக்கா. அங்க கிளாஸ் வளையல் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. ஒரு தடவ கட்டில்ல இடிச்சு, உடைஞ்சு, கையெல்லாம் கீறிடுச்சு. அவங்கள குத்தம் சொல்ல முடியாதுலா. ஆனா இவ தினமும் கையத் தடவித் தடவிக் கேக்குறா, என் வளையல் எங்கன்னு. பிளாஸ்டிக்ல வாங்கிக் குடுத்தேன். கழட்டி வீசிட்டா."

வளையல்களை ரெசினுக்குள் வைத்து ஒரு வட்டக் கட்டியாகச் செய்து தர முடியுமா என்று கேட்டார். கையில் வைத்துக்கொள்ளலாம், பார்க்கலாம், உடையாது. நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. தாராளமாகச் செய்யலாம் என்றேன். சுற்றிலும் இலேசாகக் கலர் கொடுத்தால் அழகாக இருக்கும் என்றார் அக்கா.

"என்ன கலர் அங்கிள் வேணும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உங்களுக்கு எது நல்லாருக்குன்னு தோணுதோ, அது."

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

அக்கா வளையல்களை வெள்ளைத் தட்டில் வைத்து நாள்கணக்காகப் பார்த்தார். பச்சை பின்னணி வைத்தால் பச்சை வளையலை முழுங்கிவிடும். சிவப்பு வைத்தால் கிறிஸ்மஸ் மாதிரி ஆகிவிடும். நீலம் குளிர்ச்சி, ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும். ரோஜா நிறம் சின்னப் பிள்ளைகளுக்கானது. ஒவ்வொரு கலரிலும் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வில்லை ஊற்றிப் பார்த்தார். சாவிக்கொத்து அச்சில் ஊற்றியதால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரு துளை இருந்தது. தொலைந்துபோகாமல் இருக்க அவற்றையெல்லாம் கெட்டியான நூலில் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். வாரத்துக்கு வாரம் அந்த மாலை கனத்துக்கொண்டே போனது. வளையல்கள் மட்டும் தட்டிலேயே இருந்தன.

பிறகு, "அவங்ககிட்டயே காட்டிக் கேட்டுட்டு வர்றேன்" என்று பெரியவரோடு நர்சிங் ஹோமுக்குப் போக ஆரம்பித்தார்.

"அவங்களுக்கு ஞாபகமே இல்லங்குறாங்க. அவங்ககிட்ட போய்க் கலர் கேக்குறீங்களா?" என்றேன்.

"ஞாபகம் வேற, பிடிக்குறது வேறம்மா."

போய்விட்டு வந்து சொல்லும் கதைதான் எனக்குத் தாங்காது. "போன வாரம் ஊதா நல்லாருக்குன்னாங்க. இன்னிக்கு அதே ஊதாவப் பாத்து மூஞ்சச் சுளிக்குறாங்க."

"மறந்திருப்பாங்க அக்கா."

"அதான் கவலையா இருக்கு. எது நெசமான பிடித்தம்னு எப்படிக் கண்டுபிடிக்குறது?"

அதற்காக அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும். போகிற ஒவ்வொரு தடவையும் நூலில் புதிதாக ஒரு வில்லை. வேறு வேலைகள் அப்படியே நின்றன. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கேட்ட பெயர்ப் பலகையை நான் கலரே இல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியவர் பொறுமைசாலி. அவரே ஒரு நாள் போன் செய்தார்.

"நேத்து என்னப் பாத்து, யாரு நீங்க, குழாய் ரிப்பேரான்னு கேட்டாம்மா" என்றார். சிரிக்க முயன்றார். "வளையல் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு. அது இருக்கும்போதே குடுத்துடணும்னு பாக்குறேன். கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடுங்கம்மா."

போனை வைத்துவிட்டு நேராகக் கீழே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவரிடம் நின்றபடியே கத்தினேன். ஒரு மனுஷன், தன் பெண்டாட்டிக்குத் தன்னை யாரென்று தெரியவில்லை என்கிறார், நீங்கள் இன்னும் சிட்டிகை எண்ணிக்கொண்டிருக்கிறீர்களே என்றேன். நாளைக் காலையில் ஊற்றப் போகிறேன், மேசையில் எந்தக் கலர் இருக்கிறதோ அதுதான் கலர் என்றேன். அக்காவின் கணவர் சாம்பிள் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தபடி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலையில் மூன்று கப்புகளோடு வந்தார். ஒன்றில் இளம்பச்சை, ஒன்றில் வெளிறிய ரோஜா, ஒன்றில் மாம்பழ மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் கரைத்தது போல ஒரு மஞ்சள். வரிசையாக வைத்துவிட்டு வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் நான் மஞ்சள் கப்பை எடுத்து ஹார்ட்னரை ஊற்றிவிட்டேன்.

அக்கா மற்ற இரண்டு கப்புகளையும் ஓரமாக நகர்த்தி வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, நான் கலக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அடுக்கை ஊற்றி, அது பசை மாதிரி ஆனதும் வளையல்களை ஒவ்வொன்றாக வைத்தேன். வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று சாயும்படி வைக்கச் சொல்லி விரலால் காட்டினார். அப்படியே வைத்தேன். குமிழி வராமல் மேலடுக்கை ஊற்றி முடித்ததும் எழுந்து போய்க் கரண்டிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச" என்றார் முதுகைக் காட்டியபடி. "இறுகுனா கொஞ்சம் அழுத்தமா ஆகும். பரவால்ல."

கட்டியை அச்சிலிருந்து எடுத்து இரண்டு நாள் தேய்த்து மெருகேற்றினேன். நான் செய்ததிலேயே அழகான பொருள் அதுதான். சன்னலோரம் வைத்தால் மஞ்சள் வெயில் கட்டிக்குள்ளேயே தேங்கி நிற்பது போலிருக்கும். அதற்குள் பச்சையும் அரக்குமாக வளையல்கள். நான் சரியாகத்தான் செய்தேன், இதை மாதக்கணக்கில் இழுத்தது அநியாயம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று பேருமாக ஒரு மதியம் போனோம். பெரியவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்திருந்தார். நான் அந்த அம்மாவை முதல் தடவை அப்போதுதான் பார்த்தேன். ஒட்ட வெட்டிய நரைமுடி. சின்ன உருவம். சன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையால் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

பெரியவர் கட்டியை எடுத்து மடியில் வைத்தார். "இங்க பாரு, யாரோடது?"

அந்த அம்மா குனிந்து பார்த்தார். விரலால் ஒரு வளையலின் வட்டத்தை அப்படியே சுற்றி வந்தார். "என்னோடது" என்றார்.

பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா இரண்டு கையாலும் கட்டியைத் தூக்கிக் காதருகில் கொண்டுபோய் ஆட்டினார். நிறுத்திவிட்டு மறுபடியும் ஆட்டினார்.

"சத்தமே இல்லியே" என்றார்.

அவர் கட்டியை மடியில் வைத்து நகத்தால் சுரண்டத் தொடங்கினார். "உள்ள மாட்டிக்கிச்சு. எடுத்து வுடுங்க. பாவம், உள்ள மாட்டிக்கிச்சு."

பெரியவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, இது உடையாமல் இருப்பதற்காகச் செய்தது, இப்படியே பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். அந்த அம்மா கேட்கவில்லை, வேகமாகச் சுரண்டினார். சத்தம் யாருக்குமே தோன்றவில்லை. இவ்வளவு காலம் அந்த வளையல் சத்தத்தைக் கேட்டு வாழ்ந்த பெரியவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை. இத்தனை கலரைப் பார்த்த அக்காவுக்கும் தோன்றவில்லை.

அப்போது அந்த அம்மா நிமிர்ந்து அக்காவின் கைப்பையைப் பார்த்தார். பார்த்துக் கையை நீட்டினார். அக்கா பைக்குள் கைவிட்டு அந்தச் சாம்பிள் மாலையை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா, தினமும் செய்கிற காரியம் போல, நூலைத் தன் கையில் நுழைத்து மணிக்கட்டுக்கு ஏற்றிக்கொண்டார். கையை உதறினார். வில்லைகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்றன. ரெசின் நன்றாக இறுகினால் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரிதான் சத்தம் கொடுக்கும். இன்னொரு தடவை உதறினார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கையை மெல்ல ஆட்டியபடி உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டைத் தடவவில்லை.

"போன தடவையும் இப்படித்தான் பண்ணாங்க" என்றார் அக்கா.

"என்கிட்ட சொல்லவே இல்லியே அக்கா!"

"நீதான் எப்ப வந்தாலும் கலர் என்னாச்சு, கலர் என்னாச்சுன்னு மட்டும் கேப்ப." அக்கா குரலைத் தாழ்த்தினார். "நான் என்ன நெனச்சேன்னா, ஒண்ணு சொல்லத் தெரியாம எல்லாக் கலரும் வேணுங்குறாங்கன்னு நெனச்சேன்."

ஒரு தாதி வந்து நூலை இழுத்துப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். பக்கத்தில் ஆள் இருக்கும்போது போட்டுக்கொள்ளட்டும் என்றார். பெரியவர் மஞ்சள் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்மா" என்றார். அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. நான் சரியாக, நேரத்துக்கு, அழகாகச் செய்தது பெரியவரின் பையில் கிடக்கிறது. அக்கா முடிக்காமல் வைத்திருந்த குப்பை அந்தக் கையில் கலகலக்கிறது. சரி, இவராவது அதைப் புரிந்துகொண்டு பெருமைப்பட்டால் நான் ஒத்துக்கொண்டு போயிருப்பேன். அக்கா சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். சிராங்கூன் ரோட்டில் பஸ் சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"அந்த மஞ்சள்ல நான் இன்னும் கொஞ்சம் தூள் கம்மி பண்ணிருக்கணும். நீ அவசரப்பட்டுட்ட."

நான் எழுந்துபோய் முன்னால் ஒரு காலி இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

சில வாரம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். மஞ்சள் கட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரி அவரை இன்னும் குழாய் ரிப்பேர்காரர் என்றுதான் நினைக்கிறாராம். ஆனால் அவர் உள்ளே நுழைந்ததும் கையை ஆட்டிக் காட்டுகிறாராம். நூல் அழுக்காகிவிட்டது, மாற்றுவதற்கு அதே மாதிரி இன்னொன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"கலர் எதுவா இருந்தாலும் சரிம்மா. அவளுக்குச் சத்தம் வந்தாப் போதும்."

எதுவாக இருந்தாலும் சரி என்பதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. அச்சுகளைத் துடைத்து அடுக்கி, ரெசினை அளந்து வைத்துவிட்டு, அக்காவை மேலே கூப்பிட்டேன்.

"பெரியவர் இன்னொண்ணு கேக்குறார். எல்லாம் ஒரே கலர்ல வேணுமாம். சிவப்பு. வெறும் சிவப்பு. இன்னிக்கே ஊத்திடலாம்."

அக்கா கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். தூள் பாட்டில்கள் இருந்த டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தச் சிவப்பு?"